வழக்குரை காதையில் நாடக இறுக்கம்

நாடகம் முரணில் பிறந்து முரணால் வளர்வது. இரு விருப்பங்கள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் இடத்திலேயே அது தொடங்குகின்றது. இவ்வுண்மையை மனங்கொண்டு நோக்கின், உலக நாடகாசிரியர் பலர் நீதிமன்றத்தைத் தம் களமாகத் தேர்ந்தமைக்குக் காரணம் எளிதிற் புலனாகும். அங்கே வழக்கிடுவோர் இருவர். அவர்தம் சொற்களைச் செவிமடுக்கும் நடுவர் ஒருவர். சூழ நின்று நோக்கும் அவையினர் பலர். முரண், உரையாடல், முடிவு ஆகிய மூன்றும் நீதிமன்றத்தில் இயல்பாகவே அமைந்து கிடக்கின்றன. நாடகாசிரியன் புதிதாகப் படைத்துக்கொள்ள வேண்டியது எதுவுமில்லை என்றுகூடத் தோன்றும்.

ஆயின், இந்த எளிமையே அவனுக்கு இடராகவும் அமைகின்றது. வழக்கு வெறும் சொற்போராகி விட்டால் காட்சி பட்டிமன்றமாகத் தாழ்ந்துவிடும். பேசுவோர் திறமையைப் பார்வையாளர் மெச்சுவர்; கை தட்டுவர்; ஆனால் அவர்தம் உள்ளம் பதறாது. அடுத்து நிகழவிருப்பதை அஞ்சியும் விரும்பியும் மூச்சடக்கிக் காத்திருக்கும் நிலையே நாடக இறுக்கம் எனப்படுவது. அந்நிலை சொல்வன்மையால் மட்டும் கைகூடுவதன்று. சிலப்பதிகாரத்தின் இருபதாவது காதையாகிய வழக்குரை காதை, அவ்விறுக்கம் எவ்வாறு கட்டியெழுப்பப்படுகின்றது என்பதற்குத் தமிழிற் கிடைக்கும் மிகச் சிறந்த சான்றாகும்.

இளங்கோவடிகள் மேடைக்கென நாடகம் எழுதியவர் அல்லர். எனினும் அவர் நூல் இயலும் இசையும் நாடகமும் விரவிய தொடர்நிலைச் செய்யுள் என்பது பழைய உரையாசிரியர் காலந்தொட்டு ஏற்கப்பட்ட கருத்து. கவிக்கூற்றைக் குறைத்து, பாத்திரங்களைத் தம் வாயாலேயே பேசவிட்டு நகரும் வழக்குரை காதையை நாடகக் காட்சியாகவே கொண்டு ஆராய்வதில் தவறில்லை.

இவ்வாராய்ச்சியின் தொடக்கத்திலேயே ஒரு வினா எழுகின்றது. கண்ணகியின் வழக்கு எவ்வாறு முடியும் என்பதை அறியாத தமிழர் எவர்? கிழக்கிலங்கையைப் பொறுத்தவரை இவ்வினா இன்னும் கூர்மை பெறுகின்றது. இங்குக் கண்ணகி கதைத் தலைவி மட்டுமல்லள். வைகாசித் திங்களில் கதவு திறந்து வழிபடப்படும் தெய்வமுமாவாள். கந்தளாய்க் குளத்து நீர் பாய்ந்து வளஞ்செய்யும் தம்பலகாமப் பகுதியில், பாலம்போட்டாற்றில் பத்தினியம்மன் கோயில் கொண்டிருக்கின்றாள். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் கந்தளாய்ப் பிரதேசத்தில், சிங்கள மக்களும் பத்தினித் தெய்வத்தை அறிவர். அவர்தம் கம்மடுவச் சடங்கில் பத்தினியின் கணவன் கொலையுண்பதும் உயிர்த்தெழுவதும் நடித்துக் காட்டப்படும் மரபு உண்டு. கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூல் அதனை விரிவாக ஆராய்ந்துள்ளது. மட்டக்களப்புப் பிரதேசக் கோயில்களில் ஏட்டில் வைத்துப் படிக்கப்பட்டு வந்த 'கண்ணகி வழக்குரை' வி. சீ. கந்தையாவால் 1968இல் பதிப்பிக்கப்பெற்றது. முழு நூலும் வழக்கின் பெயராலேயே வழங்குகின்றமை நோக்கற்பாலது. வரம் பெறுதலும் கடலோட்டும் கலியாணமும் வழிநடையும் அடைக்கலமும் ஆகிய பல காதைகளைக் கொண்ட நீண்ட கதையை மக்கள் ஒரே ஒரு மன்றக் காட்சியின் பெயரால் அழைத்தனர். அக்காட்சியே கதையின் உயிர்நிலை என அவர்கள் உணர்ந்திருந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆண்டுதோறும் கேட்டு, முடிவை மனப்பாடமாக அறிந்த மக்கள், மீண்டும் அதே காட்சியின் முன் அமர்ந்து மூச்சடக்குவது எங்ஙனம்? தீர்ப்பு யாது என்னும் ஐயமே இறுக்கத்துக்கு அடிப்படை எனின், இது நிகழ இயலாது. எனவே இக்காட்சியின் இறுக்கம் வேறொரு மூலத்திலிருந்து பிறக்கின்றது என்றே கொள்ளல் வேண்டும்.

அம்மூலத்தைக் காண வழக்குரை காதைக்கு நான்கு காதைகள் முன்னே செல்ல வேண்டும். கொலைக்களக் காதையில் ஏற்கெனவே ஒரு வழக்கு நடந்து முடிந்துவிடுகின்றது. ஊடல் கொண்டு தலைநோயெனச் சொல்லி அகன்ற தேவியைத் தேடி அரசன் அந்தப்புரம் நோக்கி விரைகின்றான். இடைவழியிற் பொற்கொல்லன் அவன் காலில் வீழ்ந்து, அரசியின் சிலம்பைக் கவர்ந்த கள்வன் தன் குடிலில் இருப்பதாகக் கூறுகின்றான். அரசன் அமைச்சரை அழைக்கவில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவனை நேரிற் காணவில்லை. சிலம்பு அவன் கையில் இருப்பின் அவனைக் கொன்று அதனைக் கொணருமாறு காவலரைப் பணித்துவிட்டு நடக்கின்றான். கையில் இருத்தல் என்னும் புறநிலை ஒன்றே அவனுக்குப் போதிய சான்றாகி விடுகின்றது.

விசாரணை என்று சொல்லத்தக்கது எதுவாயினும் அது தெருவிலேயே நடக்கின்றது. கோவலனைக் கண்ட காவலருள் ஒருவன், இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று என ஐயுறுகின்றான். உடனே பொற்கொல்லன் வழக்குரைஞன் போல வாய் திறக்கின்றான். கள்வர் கைக்கொள்ளும் மந்திரம், மருந்து, தந்திரம் முதலியவற்றை வரிசைப்படுத்துகின்றான். கள்வன் ஒருவன் அரண்மனையினுட் புகுந்து அணிகலன் கவர்ந்த கதையை விரித்துரைக்கின்றான். காவலர் தயங்கி நிற்கும்போதே, கல்லாக் காவலன் ஒருவன் வாளை வீசிவிடுகின்றான். இவ்வளவும் நிகழும்பொழுது கோவலன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. பேசுமாறு அவனை எவரும் கேட்பதுமில்லை. முதல் வழக்கில் குற்றச்சாட்டு உண்டு, வாதம் உண்டு, தண்டனை உண்டு, குற்றஞ்சாட்டப்பட்டவனின் மறுமொழி மட்டும் இல்லை.

வழக்குரை காதை, இல்லாமற் போன அந்த மறுமொழியே ஆகும். கொலைக்கு முன் நடந்திருக்க வேண்டிய விசாரணை கொலைக்குப் பின் நடக்கின்றது. எனவே அவையில் என்ன மெய்ப்பிக்கப்பட்டாலும் இறந்தவன் மீளப் போவதில்லை. காட்சி தொடங்கும்போதே பார்வையாளர் இதனை அறிவர், கண்ணகியும் அறிவாள், அறியாதவன் அரியணையில் இருப்பவன் ஒருவனே. தீர்ப்பு யாது என்பதன்று, தான் செய்தது யாது என்பதை அந்த ஒருவன் எப்பொழுது, எவ்வாறு அறியப் போகின்றான் என்பதே இறுக்கத்தின் மூலமாகும். முடிவு தெரிந்தவரே இக்காட்சியை அதிக பதற்றத்துடன் காண்பர். நெருப்பின்மேல் நடந்து வருபவனைக் காணும் பதற்றம் நெருப்பு அங்கிருப்பதை அறிந்தவனுக்கே உண்டு.

இதனை நன்குணர்ந்த ஆசிரியர், கண்ணகியை உடனே அவைக்குள் கொணர்ந்துவிடவில்லை. ஆய்ச்சியர் குரவையில் தீநிமித்தங்கள். துன்பமாலையில் கொலைச் செய்தி. ஊர்சூழ்வரியில் ஒற்றைச் சிலம்போடு மதுரைத் தெருக்களில் அலைதல். கணவன் உடலைக் காணல். பின்னரே அரசனைக் காணும் துணிவு. வழக்குரை காதை தொடங்கிய பின்னரும் தாமதம் தொடர்கின்றது. முதலில் கேட்பது கண்ணகியின் குரலன்று, கோப்பெருந்தேவியின் குரல். செங்கோலும் குடையும் சாயவும், வாயில் மணி நடுங்கவும், இரவில் வானவில் தோன்றவும், பகலில் விண்மீன் வீழவும் கனவு கண்டதாக அவள் தோழியிடம் கூறி, அரசனிடமும் சென்று உரைக்கின்றாள். அக்கனவின் பொருளை ஆராய்வதற்கு அரசனுக்கு நேரமில்லை. அதற்குள் வாயிலில் கண்ணகி வந்து நிற்கின்றாள்.

வாயிற்காவலன் இடம்பெறும் பகுதி நாடக நுட்பம் செறிந்தது. அவைக்குள் இருக்கும் அரசன் கண்ணகியைக் காணுமுன் காவலனின் சொற்கள் வழியே கேட்கின்றான். வந்திருப்பவள் கொற்றவையோ, காளியோ எனத் தெய்வங்கள் பலவற்றை நினைவுகூர்ந்து, அவர்களும் அல்லள் என விலக்கி, இறுதியில் கையில் ஒற்றைச் சிலம்பேந்திய கணவனை இழந்த பெண் என்று அவன் முடிக்கின்றான். தெய்வங்களின் அச்சந்தரும் உருவங்கள் ஒவ்வொன்றாக எழுந்து மறைந்தபின் எஞ்சி நிற்பது ஒரு மானிடப் பெண். ஆயின் விலக்கப்பட்ட அத்தெய்வங்களின் அச்சம் அப்பெண்மேலேயே படிந்துவிடுகின்றது. அரசனோ எவ்விதத் தயக்கமுமின்றி, அவளை உள்ளே வரவிடுமாறு கூறுகின்றான். இவ்விடத்தில் பார்வையாளர் நெஞ்சம் ஒருகணம் நடுங்கும். தன் அழிவுக்குத் தானே கதவு திறக்கின்றான் அரசன். அதுவும், குறை சொல்ல வருவோருக்கு வாயில் அடைத்தல் ஆகாது என்னும் நல்லியல்பினாலேயே திறக்கின்றான்.

அவையினுள் நிகழும் உரையாடல் சிறிது. ஒருமுறை வாய்விட்டுப் படித்தாலே அதன் சுருக்கம் விளங்கும். நீ யார் என அரசன் கேட்கின்றான். கண்ணகியின் மறுமொழியில் அமைந்துள்ள ஒழுங்குமுறை ஆராயத்தக்கது. அவள் தன் பெயரை முதலிற் கூறவில்லை. ஆராயாத அரசன் என அவனைச் சுட்டியபின், புறாவின் துயர் தீர்த்த சோழனையும், கன்றிழந்த பசுவின் பொருட்டுத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனையும் நினைவூட்டுகின்றாள். அவர்கள் ஆண்ட புகார் தன் ஊர் என்கின்றாள். பின்னர் கணவன் பெயர், அவன் மதுரைக்கு வந்த காரணம், அவன் கொலையுண்ட செய்தி ஆகியன வருகின்றன. தன் பெயர் கடைசியாக வருகின்றது.

முன்னைய தீர்ப்புகளை எடுத்துக்காட்டி வாதிடுதல் வழக்குரைஞர் மரபு. கண்ணகி எடுத்துக்காட்டும் இரண்டும் ஒரு பொதுத்தன்மை உடையன. ஒருவன் தன் தசையை அரிந்து நீதி செய்தான். மற்றவன் தன் குருதியிற் பிறந்த மகனைக் கொடுத்து நீதி செய்தான். இருவரும் நீதியின் விலையைத் தம் உடலாலும் உயிரனையாராலும் செலுத்தியோர். பாண்டியன் செலுத்த வேண்டிய விலை யாது என்பது இங்கேயே குறிப்பாகச் சொல்லப்பட்டு விடுகின்றது. தேவியின் கனவில் நடுங்கிய வாயில் மணியும், பசு அசைத்த ஆராய்ச்சி மணியும் ஒன்றையொன்று நினைவூட்டுகின்றன. தீர்ப்பு வாதத்தின் தொடக்கத்திலேயே மறைந்து கிடக்கின்றது, அரசன் அதனை உணரவில்லை, கேட்போர் உணர்கின்றனர்.

அரசன் தரும் மறுமொழியும் சுருக்கமானதே. கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோல் ஆகாது. அதுவே அரச நீதி என்கின்றான். கொள்கையளவில் இதில் தவறில்லை. ஆயின் கொல்லப்பட்டவன் கள்வன்தானா என்னும் வினாவை அவன் இன்னும் எழுப்பவில்லை. கண்ணகி கொள்கை பற்றி வாதிடவில்லை. அறம் பற்றி விரிவுரை நிகழ்த்தவில்லை. தன் சிலம்பினுள் இருப்பவை மாணிக்கப் பரல்கள் என்னும் ஒரே ஒரு செய்தியை முன்வைக்கின்றாள். கொலைக்களக் காதையில் பொய்க்கு எத்தனை சொற்கள் வேண்டியிருந்தன என்பதையும், ஈண்டு மெய்க்கு எத்தனை சொற்கள் போதியனவாயின என்பதையும் ஒப்பிட்டுக் காணல் தகும். உரையாடல் நீண்டு செல்லாமல் ஒவ்வொரு மாற்றத்திலும் குறுகிக்கொண்டே செல்வதால், கயிறு முறுக்கேறுவது போல இறுக்கம் ஏறுகின்றது.

இக்காட்சியின் உச்சம் சிலம்பு உடையும் கணம் எனவே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின் அதற்குச் சற்று முன்னே வரும் ஒரு கணம் அதனினும் முதன்மையானது. கண்ணகி தன் சிலம்பின் உள்ளீட்டைக் கூறியவுடன், அரசன் அவள் சொல்லைப் பாராட்டி, தன் தேவியின் சிலம்பினுள் இருப்பவை முத்துகள் என உண்மையைக் கூறிவிடுகின்றான். அவன் வாளா இருந்திருக்கலாம். தன் சிலம்பிலும் மாணிக்கமே என்று பொய் கூறியிருக்கலாம். அரசன் அவையில் அவனை மறுப்போர் எவருமிலர். அவன் அவ்வாறு செய்யவில்லை. தன்னைக் கொல்லப்போகும் சான்றைத் தானே வாய்திறந்து தருகின்றான். கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பையும் தானே வருவித்து அவள்முன் வைக்கின்றான்.

இவ்விடத்திலேதான் வழக்குரை காதை வெறும் பழிவாங்கற் கதையிலிருந்து உயர்ந்து துன்பியலாக மலர்கின்றது. எதிரி தீயவனாயின், அவன் வீழ்ச்சியைக் காணும் பார்வையாளருக்கு மகிழ்ச்சி பிறக்கும், இறுக்கம் பிறவாது. நல்லவன் ஒருவன் தன் நேர்மையாலேயே தன் குற்றத்தை நோக்கி அடியெடுத்து வைக்கும்போதுதான், அவனைத் தடுக்க வேண்டும் என்னும் உணர்வும் தடுக்கலாகாது என்னும் உணர்வும் ஒருங்கே எழுகின்றன.

சேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தின் நான்காம் அங்கத்து நீதிமன்றக் காட்சியோடு இதனை ஒப்பிடின் வேறுபாடு விளங்கும். அங்கேயும் ஒரு பொருள் உண்டு. அது சைலொக்கின் கையிலுள்ள கத்தி. அவன் அதனைத் தன் காலணியில் தீட்டுகின்றான். தசையை நிறுக்கத் தராசும் வருகின்றது. ஆண் வேடத்தில் வழக்கறிஞராக வந்த போர்சியா, தசை உண்டு, குருதி இல்லை என்னும் சட்ட நுணுக்கத்தை இறுதிக் கணம்வரை வெளியிடாமல் வைத்திருக்கின்றாள். அன்டோனியோ தப்புவானா என்னும் ஐயமே அங்கு இறுக்கத்தின் ஊற்று. அது மிகத் திறமையான அமைப்பு என்பதில் ஐயமில்லை. ஆயின் அந்த ஐயம் ஒருமுறை தீர்ந்தபின், அடுத்தமுறை காண்போர் அமைப்பின் திறத்தையே வியப்பர். மேலும், அங்கே வெற்றி பெறுவது எழுத்தின் நுணுக்கம். இளங்கோவின் அவையில் மறைத்து வைக்கப்பட்ட தந்திரம் எதுவுமில்லை. கண்ணகி தன் சான்றை முன்னரே சொல்லிவிடுகின்றாள். எதிரியும் தன் சான்றைச் சொல்லிவிடுகின்றான். எஞ்சியிருப்பது உடைத்துப் பார்த்தல் ஒன்றே.

சிலம்பை நாடகப் பொருளாகத் தேர்ந்தமையும் எண்ணிப் பார்க்கத்தக்கது. இரு சிலம்புகளும் புறத்தே ஒத்தவை, அகத்தே வேறுபட்டவை. பொற்கொல்லன் பொய் நிலைபெற்றதும் அப்புற ஒப்புமையாலேயே. அரசன் புறத்தை மட்டும் கண்டு உயிரைப் போக்கினான். கண்ணகி அகத்தைத் திறந்து காட்டுமாறு வேண்டுகின்றாள். உடைத்தாலன்றித் திறக்க இயலாத பொருள் அது. உண்மையும் இங்கு அத்தகையதே. சிலம்பு உடைகின்றது, மணி தெறித்து அரசன் முகத்தருகே பாய்கின்றது. அதன்பின் வாதமில்லை, மறுப்பில்லை, அமைச்சரோடு ஆலோசனை இல்லை. பேச்சால் நடந்த வழக்கைப் பேச்சற்ற பொருள் ஒன்று முடித்துவைக்கின்றது. அரசன் தன்னையே கள்வனெனத் தீர்ப்பளித்து, அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் துறக்கின்றான். தேவியும் நடுங்கி வீழ்கின்றாள்.

குற்றவாளியைத் தேடும் அரசன் தானே குற்றவாளி எனக் காணும் அமைப்பு சொபொக்கிளீசின் 'ஈடிப்பஸ் மன்னன்' நாடகத்தில் தலைசிறந்து விளங்குவது. அறியாமையிலிருந்து அறிவுக்கு மாறுதலும், நிலை தலைகீழாதலும் ஒரே கணத்தில் நிகழ்வதே சிறந்த அமைப்பு என அரிஸ்டோட்டில் அந்நாடகத்தைக் கருத்திற் கொண்டே எழுதினார். ஈடிப்பஸ் அவ்வறிவை ஒரு முழு நாடகத்தின் ஊடாக, சாட்சிகள் பலரை விசாரித்துப் படிப்படியாகப் பெறுகின்றான். பாண்டியனுக்கு அது ஒரு மணி தெறிக்கும் பொழுதில் நேர்கின்றது. ஈடிப்பஸ் தன் கண்களைக் குத்திக்கொண்டு உயிர் வாழ்கின்றான். பாண்டியனுக்கு அறிதலும் இறத்தலும் ஒன்றாகி விடுகின்றன.

தற்காலத் தமிழில் நீதிமன்றக் காட்சி எனின் பலர் நினைவுக்கு வருவது 1952இல் வெளிவந்த 'பராசக்தி' திரைப்படம். பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்தைத் தழுவிய அப்படத்துக்கு மு. கருணாநிதி எழுதிய நீதிமன்ற உரையாடலும், அதனைச் சிவாஜி கணேசன் பேசிய முறையும் ஒரு தலைமுறையின் மேடைப்பேச்சையே மாற்றியமைத்தன. எனினும் அங்கே நீதிமன்றம் ஒரு மேடையாகி விடுகின்றது. குணசேகரன் தன் முன்னுள்ள நீதிபதியை விட்டு, திரைக்கு அப்பால் உள்ள சமுதாயத்தை நோக்கியே பேசுகின்றான். அப்பேச்சின் சமுதாய ஆற்றல் பெரிது. ஆயின் இறுக்கம் பேச்சிலிருந்து பிறப்பதன்று. அரியணை போன்ற ஆசனத்தில் அமர்ந்துள்ள நீதிபதி, கூண்டில் நிற்போர் தன் உடன்பிறப்புகளே என்பதை அறியாதிருத்தலிலிருந்தே அது பிறக்கின்றது. தீர்ப்புக் கூற வேண்டியவனே வழக்கின் துயரத்தில் பங்குடையவன் என்னும் இவ்வமைப்பு வழக்குரை காதைக்கு அந்நியமானதன்று. புகழ் பேச்சுக்குக் கிடைத்தது. காட்சியைத் தாங்கி நிற்பது அமைப்பே.

இவ்வளவு சிறப்புடைய வழக்குரை காதைமீது ஒரு குறை கூறுவதற்கு இடமுண்டு. பொய்ச்சான்று கூறிய பொற்கொல்லன் அவைக்கு அழைக்கப்படவில்லை. இக்கால நாடகாசிரியன் எவனாயினும் அவனைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்திருப்பான். காட்சியும் சுவை பெற்றிருக்கும். இளங்கோ அதனைத் தவிர்த்தார். பொற்கொல்லன் வந்திருப்பின் குற்றம் அவன்மேற் சென்று தங்கிவிடும். அரசன் ஏமாற்றப்பட்டவனாகத் தப்பிவிடுவான். ஆராயாமல் ஆணையிட்டவன் யார் என்னும் வினா மங்கிவிடும். அவனை அவைக்கு வெளியே நிறுத்தியதன் வாயிலாகவே ஆசிரியர் முழுப் பொறுப்பையும் அரியணைமேல் வைத்தார். நாடக நோக்கில் இது குறையன்று. துணிந்து செய்த தேர்வு எனலே பொருந்தும்.

ஆயின் அவைக்கு வெளியே விடப்பட்ட அக்குற்றம் அவ்வாறே அடங்கிவிடவில்லை என்பதையும் மறைத்தல் தகாது. மதுரை எரிகின்றது. பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விலக்குமாறு கண்ணகி தீக்கடவுளுக்குக் கூறினும், நகர் நகராகவே எரிகின்றது. பின்னர் கொற்கையில் ஆண்ட வெற்றிவேற் செழியன், ஆயிரம் பொற்கொல்லரைப் பத்தினிக்குப் பலியிட்டதாக நூல் கூறுகின்றது. அவ்வாயிரவருள் எவரும் எதனையும் விளக்க அழைக்கப்பட்டதாக ஒரு குறிப்பும் இல்லை. கோவலனுக்கு மறுக்கப்பட்ட அதே விசாரணை, கோவலன் பெயரால் ஆயிரவருக்கு மறுக்கப்படுகின்றது. ஒருவன் கையில் சிலம்பு இருந்தமை போதிய சான்றாயிற்று. ஆயிரவர் கையில் பொற்கொல்லரின் கருவிகள் இருந்தமை போதிய சான்றாயிற்று. வழக்குரை காதை கற்பித்த பாடத்தை அக்காதையின் உலகமே கற்கவில்லை. இளங்கோ இதனைக் கண்டித்து ஒரு சொல்லும் கூறவில்லை எனினும், கொலைக்களக் காதையையும் இச்செய்தியையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்போர் அமைதி கொள்ளல் அரிது.

இறுக்கம் எழுப்புவது நாடகாசிரியன் கடமைகளுள் ஒன்று. எழுப்பிய இறுக்கத்தை என் செய்வது என்பது மற்றொன்று. கிழக்கிலங்கை மக்கள் தம் மரபில் இதற்கொரு விடை கண்டுள்ளனர். 'கண்ணகி வழக்குரை' வழக்குரைத்த காதையோடு முடிவதில்லை. அதன்பின் குளிர்ச்சிக் காதை வருகின்றது. கோயிற் சடங்கிலும் குளிர்த்தி பாடி, தெய்வத்தின் சினம் தணிவிக்கப்படுகின்றது. வெயில் முறுகிய வைகாசியில், மழையும் நோயற்ற வாழ்வும் வேண்டி நிற்கும் மக்கள், எரியும் மதுரையோடு வீடு திரும்ப விரும்பவில்லை. காதையில் ஏறிய வெப்பம் சடங்கில் இறங்குகின்றது. இது வழிபாட்டின் வழி.

இதற்கு நேர்மாறான வழியும் ஈழத்துத் தமிழ் மேடையில் வெளிப்பட்டதுண்டு. பெர்தோல்ட் பிறெக்ட் 1930ஆம் ஆண்டையொட்டி எழுதிய குறுநாடகம் ஒன்று, 'யுகதர்மம்' என்னும் பெயரில் தமிழாக்கப்பட்டு, க. பாலேந்திராவின் நெறியாள்கையில் 1979இல் அவைக்காற்று கலைக் கழகத்தால் மேடையேற்றப்பட்டது. பாலைவனத்தில் வழிதவறிய வணிகன் ஒருவனுக்கு, அவன் கூலியாள் தன்னிடமுள்ள தண்ணீர்க் குடுவையை நீட்டுகின்றான். அவன் கல்லால் தாக்க வருகின்றான் எனக் கருதி வணிகன் சுட்டுக் கொல்லுகின்றான். வழக்கு நடக்கின்றது. வழிகாட்டி அக்குடுவையை மன்றத்தில் எடுத்து வைக்கின்றான். சிலம்பு உடைந்தது போன்ற கணம் அது. கையிலிருந்தது கல்லன்று, தண்ணீரே என்னும் உண்மை அனைவர் முன்னும் திறந்து கிடக்கின்றது. ஆயினும் வணிகன் விடுவிக்கப்படுகின்றான். கொடுமைக்குள்ளான கூலியாள் தன்னை வெறுப்பான் என்று எதிர்பார்ப்பதே முறை. அவன் அன்பு காட்டுவான் என எதிர்பார்க்க வணிகனுக்குக் காரணமில்லை என்பது தீர்ப்பு.

இரு காட்சிகளிலும் கொலைக்குப் பின்னரே விசாரணை. இரண்டிலும் இறந்தவனுக்காக வழக்கிடுபவள் கைம்பெண். இரண்டிலும் ஒரு சிறு பொருள் உண்மையை வெளிப்படுத்துகின்றது. ஆயின் பாண்டியன் அவையில் உண்மை வெளிப்பட்ட கணமே நீதி வெளிப்பட்டது. பிறெக்டின் மன்றத்தில் உண்மை வெளிப்பட்டும் நீதி வெளிப்படவில்லை. பாண்டியனுக்கு நெஞ்சு உண்டு, அது வெடித்தது. பிறெக்டின் நீதிபதிக்கு விதி உண்டு, அது வெடிப்பதில்லை. எனவே அவர் எழுப்பிய இறுக்கம் மேடையில் தீராமல் பார்வையாளரோடு வீடுவரை செல்கின்றது.

இவ்வொப்பீட்டிலிருந்து பெறப்படும் முடிவு ஒன்றே. நீதிமன்றக் காட்சியின் இறுக்கம் வழக்குரைப்போர் நாவன்மையில் இல்லை. தீர்ப்பு யாதாகும் என்னும் ஐயத்தில் மட்டும் இருப்பதும் அன்று. தீர்ப்பளிக்கும் இடத்தில் இருப்பவன் தன்னையும் விசாரணைக்கு உட்படுத்துவானா என்னும் வினாவிலேயே அது தங்கியுள்ளது. வழக்குரை காதையில் கூண்டு என ஒன்று இருப்பின், காட்சி தொடங்கும்போது அதில் நிற்பவன் இறந்துபோன கோவலன். காட்சி முடியும்போது அதில் நிற்பவன் அரசன். அவ்விடமாற்றம் அடி அடியாக, சொல் சொல்லாக, கேட்போர் கண்முன்னே நிகழ்வதாலேயே, முடிவை நன்கறிந்த மக்களும் ஆண்டுதோறும் அதன்முன் மூச்சடக்கி அமர்கின்றனர்.

கோவலனிடம் ஒரு வினா கேட்கப்பட்டிருப்பின் இக்காதைக்கே இடமிருந்திராது. உன் சிலம்பினுள் இருப்பது யாது என்னும் அவ்வினாவை மதுரையில் எவரும் உரிய காலத்தில் கேட்கவில்லை. கேட்கப்படாத அவ்வினாவுக்கு விடையாகவே மணி தெறித்தது.